ஒரு பாலம், ஒரு தேவாலயம், ஓர் ஆறு: ரேகன்ஸ்பூர்க்குக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மே கடைசியில் அம்மா அப்பாவோடு மியூனிக் வருகிறீர்கள், கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, யாரோ ரேகன்ஸ்பூர்க் போகச் சொல்லியிருக்கிறார்கள். படங்களைப் பார்த்தால் ஒரு பாலம், ஒரு தேவாலயம், ஓர் ஆறு. இதற்கு ஒரு முழு நாளா என்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஐரோப்பாவின் பழைய ஊர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே, இவற்றைச் சுற்றிப் பார்ப்பதில் அப்படி என்ன சுகம் என்பதுதான் அது. நியாயமான சந்தேகம். வரிசையாக மூன்று ஊர் பார்த்துவிட்டு நாலாவது ஊரின் தேவாலயத்துக்குள் நுழையும்போது எனக்கே கொட்டாவி வந்திருக்கிறது.

பதில் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியாளர். 2012 முதல் ஏழு வருஷம் அந்த ஊரில் குடியிருந்தேன். ஆகவே கல், தண்ணீர், அஸ்திவாரம் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். சிற்பம், இசை பற்றிச் சொல்வதெல்லாம் வெறும் ரசிகனின் பேச்சு, அதற்குரிய மதிப்பைக் கொடுத்தால் போதும்.

போங்கள், கண்டிப்பாகப் போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் நீங்கள் பயந்தபடியே ஆகும். அந்த ஊரை ஆற்றங்கரையிலிருந்து தொடங்கினால் கதை மாறிவிடும். ஊர் ஏன் அங்கே இருக்கிறது, எப்படிப் பணக்கார ஊரானது, எப்படி நொடித்தது, ஏன் இன்னும் இடியாமல் நிற்கிறது, எல்லாவற்றுக்கும் விடை அந்தத் தண்ணீரில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு காரணம் தென்படும். என்னைப் பொறுத்தவரை சுகம் என்பது அதுதான்.

டான்யூப் ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. ஜெர்மனியின் தென்மேற்கில் பிறந்து வடகிழக்காக வருகிறது. ரேகன்ஸ்பூர்க்கில்தான் அது தன் வடகோடியைத் தொடுகிறது. அங்கிருந்து தென்கிழக்கே திரும்பி வியன்னா, புடாபெஸ்ட் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. அதே இடத்தில் வடக்கேயிருந்து நாப், ரேகன் என்று இரண்டு ஆறுகள் அடுத்தடுத்து வந்து சேருகின்றன. ஒரு வரைபடத்தில் பாருங்கள், ராணுவக்காரன் கண்ணுக்கும் வியாபாரி கண்ணுக்கும் ஒரே புள்ளிதான் தெரியும். ரோமானியர்களுக்குத் தெரிந்தது. ஆறுதான் அவர்களுடைய பேரரசின் எல்லை. பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் காலத்தில், கி.பி. 179இல், அங்கே ஒரு படைமுகாம் கட்டி முடித்தார்கள். இது யூகம் இல்லை. வாசலில் பதித்த கல்வெட்டின் துண்டு ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் பிறந்த வருஷத்துக்குக் கல்வெட்டுச் சான்று வைத்திருக்கும் ஊர்கள் ஜெர்மனியில் அதிகம் கிடையாது.

அந்த முகாமின் வடக்கு வாசல், அதாவது ஆற்றைப் பார்த்த வாசல், இன்னும் நிற்கிறது. தேவாலயத்துக்குப் பின்னால் கரையை ஒட்டிய தெருவில், வெள்ளை பூசிய ஒரு சாதாரணக் கட்டடத்தின் சுவரில் பெரிய பெரிய சாம்பல் நிறக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு கோபுரத்தின் பாதி. அவ்வளவுதான். நூற்றாண்டுகளாகச் சுவருக்குள் மறைந்து கிடந்தது, 19ஆம் நூற்றாண்டில் கட்டடத்தை மாற்றியபோது வெளியே வந்தது. நான் வேலைக்கு சைக்கிளில் போகும் வழி அது. மழை பெய்தால் யாராவது ஒருவர் அந்த வளைவுக்கடியில் ஒதுங்கி நிற்பார், கைபேசியைப் பார்த்துக்கொண்டு. அவர் தலைக்கு மேலே 1,800 வருஷத்துக் கல். அப்பாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

சரி, பாலத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் அதைக் கல்பாலம் என்றுதான் சொல்வார்கள், வேறு பெயர் கிடையாது. 1135இல் வேலை தொடங்கி 1146இல் முடிந்தது என்று சொல்லப்படுகிறது. அந்த 1135ஆம் ஆண்டுக் கோடையில் கடும் வெயில், மழை இல்லை, ஆறு வெகுவாக வற்றியது. பாலம் கட்டுபவனுக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஏனென்றால் பாலத்தில் சிரமமான பகுதி நம் கண்ணுக்குத் தெரியும் வளைவு இல்லை, தண்ணீருக்கடியில் இருக்கும் தூணின் பாதம். இன்றைக்கு இயந்திரத்தால் நீரை இறைத்து, இரும்புத் தகடுகளை இறக்கி, பாறை தட்டும் வரை துளை போடுகிறோம். அவர்களிடம் இருந்தது மரக்கட்டைகள், வாளிகள், ஆட்கள். ஆற்றுப் படுகையில் மரத்தால் தடுப்புக் கட்டி, உள்ளே நீரை இறைத்துவிட்டு, சரளைப் படுகையின் மேலேயே தூணை எழுப்பினார்கள். பாறை வரை போகவில்லை.

சரளையின் மேல் நிற்கும் தூணுக்கு ஓர் ஆபத்து உண்டு. தூணில் மோதும் தண்ணீர் சும்மா பிரிந்து போவதில்லை. கீழே இறங்கிச் சுழன்று, பாதத்தைச் சுற்றியுள்ள மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு போகும். இன்றும் உலகத்தில் ஆற்றுப் பாலங்கள் விழுவதற்கு இந்த அரிப்பு ஒரு முதன்மையான காரணம். நான் பரிசோதனைக்குப் போகும் எந்தப் பாலத்திலும் முதலில் பார்ப்பது இதைத்தான். அந்தக் காலத்தவர்கள் இதற்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். ஒவ்வொரு தூணையும் சுற்றி மரக்கட்டைகளும் கல்லும் போட்டு, படகு வடிவத்தில் ஒரு சின்னத் தீவையே கட்டிவிட்டார்கள். பாலத்தின் மேலே நின்று எட்டிப் பார்த்தால் அந்தத் தீவுகள் தெரியும், சிலவற்றில் புல்கூட முளைத்திருக்கும். தூண் காப்பாற்றப்பட்டது. ஆனால் வைத்தியத்துக்குப் பக்கவிளைவு: தீவுகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் போக வழி குறைந்துவிட்டது. மேல்பக்கம் தேங்கி, இடைவெளிகள் வழியே பாய்ந்து, கீழ்ப்பக்கம் கொந்தளித்துச் சுழல்கிறது.

நீங்கள் அங்கே செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான். பாலத்தின் நடுப்பகுதிக்குப் போய், ஆறு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். பச்சையும் பழுப்புமான தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் குமிழியிட்டுத் திரும்பித் திரும்பி வரும். ஒரு கிளை அடித்து வந்தால் அது அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும், போக மனமில்லாதது போல. மறுபக்கம் போய்ப் பார்த்தால் அதே ஆறு கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும். ஒரு பாலத்தின் அகலத்தில் இரண்டு ஆறு. கீழேயிருந்து எதிர்த்து வந்த படகுக்காரர்களுக்கு இந்த இடம் பெரும் கண்டமாக இருந்தது. இன்றைய பெரிய சரக்குக் கப்பல்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. அவற்றுக்கு வடக்கே தனியாகக் கால்வாயும் மதகும் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் 16 வளைவுகள் இருந்தன. கரையோரம் இருந்தது பின்னாளில் கட்டடத்துக்குள் மறைந்துபோனதால் இன்று எண்ணினால் கணக்கு உதைக்கும். வளைவுகள் எல்லாம் ஒரே அகலத்தில் இல்லை. ஆற்றில் எங்கே உறுதியான படுகை கிடைத்ததோ அங்கே தூணை வைத்திருக்கிறார்கள் என்பது என் யூகம். பாலம் நேராகவும் இல்லை, நடுவில் முதுகு தூக்கி இரண்டு பக்கமும் இறங்குகிறது. அதன் மேல்தான் 1147இல் இரண்டாம் சிலுவைப் போருக்குப் போன படைகள் கடந்தன. 1189இல் பேரரசர் ஃபிரீடரிக் பார்பரோசா மூன்றாவதுக்குப் புறப்பட்டதும் இதே ஊரிலிருந்துதான். ஏறத்தாழ 800 வருஷம் ஊரில் ஆற்றை முழுசாகக் கடக்க இதை விட்டால் வேறு பாலம் கிடையாது. 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஜெர்மானியப் படையே இதன் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது. அத்தனை வெள்ளத்துக்கும் தப்பியதைக் காப்பாற்ற வேண்டியவர்களே உடைத்தார்கள். பிறகு சரிசெய்தார்கள். 1997இல் கார்களையும் 2008இல் பேருந்துகளையும் நிறுத்தினார்கள். 2010 முதல் 2018 வரை பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. நான் இருந்த காலத்தில் பாதிப் பாலம் எப்போதும் கூடாரத்துக்குள்தான் இருந்தது. நோய்க்குக் காரணம் வண்டிகள் மட்டும் இல்லை. குளிர்காலத்தில் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு தண்ணீரோடு கல்லுக்குள் இறங்கி உள்ளேயே படிகமாகி உடைக்கும். நல்ல காரியத்துக்குத் தூவிய உப்பு கல்லைத் தின்ற கதை.

பாலத்தின் உச்சியில் ஒரு சின்ன மனிதன் சிலை உட்கார்ந்திருக்கும், நெற்றியில் கை வைத்துத் தேவாலயத்தைப் பார்த்தபடி. வழிகாட்டிகள் எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். பாலம் கட்டியவனும் தேவாலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்களாம். பாலக்காரன் சாத்தானிடம் உதவி கேட்டானாம். கூலியாகப் பாலத்தைக் கடக்கும் முதல் மூன்று உயிர்கள். முடிந்ததும் பாலக்காரன் ஒரு சேவல், ஒரு கோழி, ஒரு நாய் மூன்றையும் விரட்டிவிட்டானாம். கோபத்தில் சாத்தான் கீழேயிருந்து முட்டியதால்தான் பாலம் முதுகு தூக்கியிருக்கிறதாம். அருமையான கதை. ஆனால் இப்போதுள்ள தேவாலயத்தின் வேலை தொடங்கியதே 1273இல் பழைய கட்டடம் எரிந்த பிறகுதான். அப்போது பாலத்துக்கு 120 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பந்தயத்துக்கு இடமே இல்லை. சிலையும் 1854இல் வைத்தது, அதற்கு முன் வேறு சிலைகள் இருந்திருக்கின்றன. அதோடு சேர்ந்த பழைய வாசகம் ஒன்று உண்டு, "பார், என்ன வெயில்!" என்கிற பொருளில். அந்த 1135 கோடையைத்தான் சொல்கிறது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. நிரூபிக்க முடியாது. எனக்கு நம்பப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பாலத்தின் தென்முனையில் பெரிய கூரையோடு ஒரு உப்புக் கிடங்கு, 1616 முதல் 1620 வரை கட்டியது. உப்பு ஆற்றை எதிர்த்துக் குதிரைகள் இழுத்த படகுகளில் வந்தது. இன்று உள்ளே உலகப் பாரம்பரியத் தலம் பற்றிய இலவசக் காட்சியகம் இருக்கிறது. 2006இல் யுனெஸ்கோ இந்தப் பழைய ஊரைப் பட்டியலில் சேர்த்தது. கிடங்கின் காலடியில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி அடுப்படி. கரி நெருப்பில் விரல் நீளத் தொத்திறைச்சிகளை வாட்டிக்கொண்டே இருப்பார்கள். புகை ஆற்றுப் பக்கம் திரும்பினால் வடகரை வரை வாசம் போகும். புளித்த முட்டைக்கோஸின் மேல் ஆறு துண்டு அடுக்கி, இனிப்புக் கடுகுச் சாந்தோடு தருவார்கள். அந்தக் கடுகுச் சாந்தில் புகழ்பெற்ற ஹேன்டில்மையர் வகை இந்த ஊரில் 1914இல் பிறந்ததுதான், ஜெர்மனி முழுக்கக் கடைகளில் கிடைக்கும். பாலம் கட்டிய கூலியாட்களுக்குச் சமைத்த அடுப்படியே இது, 900 வருஷமாக எரிகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டுக்கானது. பாலம் கட்டியபோது பக்கத்தில் ஒரு சமையல் கொட்டகை இருந்திருக்கும் என்பது இயல்பான ஊகம். அதிலிருந்து இன்றுவரை அடுப்பு அணையவில்லை என்பதை யாராலும் காட்ட முடியாது. சாப்பிடுவதற்கு அது தடை இல்லை.

சைவம் சாப்பிடுபவரானாலும் அந்த அடுப்படியின் சுவரைப் போய்ப் பாருங்கள். வெள்ளம் ஏறிய உயரத்தை வருஷம் போட்டுக் கோடுகளாகக் குறித்திருக்கிறார்கள். சில கோடுகள் நம் தலைக்கு மேலே இருக்கும். 2013 ஜூன் தொடக்கத்தில் ஆறு ஏறத்தாழ 6.8 மீட்டரைத் தொட்டது. அன்றைக்கு நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் சத்தம் போடாமல் ஏறியது, அதுதான் பயமாக இருந்தது. காலையில் கண்ட நடைபாதை மதியம் இல்லை. அடுப்படியின் ஜன்னல் வரை தண்ணீர். கல்பாலத்தின் வளைவுகள் மேல்பாதி மட்டும் தெரிந்தன, அவற்றுக்குள் முழு மரங்கள் போய் மோதிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள், யாரும் அதிகம் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் என்னிடம், "அது நிற்கும்" என்றார். பாலத்தைத்தான் சொன்னார். ஓரிரு வாரத்தில் சேற்றைக் கழுவி மறுபடி அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

இனி ஊருக்குள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பாலத்தால் பணம் கொட்டியது. ரேகன்ஸ்பூர்க் வியாபாரிகள் ஒருபுறம் வெனிஸ், மறுபுறம் பிராக் என்று வியாபாரம் செய்தார்கள். வட இத்தாலி ஊர்களில் பணக்காரர்கள் வீட்டோடு கோபுரம் எழுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் போட்டி போட்டுக் கட்டினார்கள். ஆள் குடியிருக்கவோ போர் செய்யவோ பெரிதாக உதவாத கோபுரங்கள்; பக்கத்து வீட்டுக்காரனைவிட உயரம், அதுதான் பயன். அவற்றில் சுமார் இருபது இன்னும் நிற்கின்றன. பிறகு வியாபாரப் பாதைகள் நியூரம்பெர்க், ஆக்ஸ்பூர்க் பக்கம் நகர்ந்தன. ஊர் நொடித்துப்போனது. அதுதான் நமக்கு அதிர்ஷ்டம்! பணம் இருந்திருந்தால் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது பாணியில் கட்டியிருப்பார்கள். இல்லாததால் அப்படியே பழுது பார்த்துக் குடியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் முக்கியமாக மேற்கே இருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலையைக் குறிவைத்தன. 1943 ஆகஸ்டில் அது பெரிய அடி வாங்கியது. பழைய ஊர் பெருமளவு தப்பியது. நியூரம்பெர்கில் நீங்கள் பார்க்கும் இடைக்காலத்தில் நிறையப் பகுதி போருக்குப் பின் திருப்பிக் கட்டியது. இங்கே பெரும்பாலும் அசல் கல்.

பழைய நகர்மன்றக் கட்டடத்துக்குள் வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும். ஆங்கிலத்தில் எப்போது என்று கீழேயே இருக்கும் சுற்றுலா அலுவலகத்தில் காலையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புனித ரோமானியப் பேரரசின் (பழைய ரோமானியர்களுடையது இல்லை, ஜெர்மானியச் சிற்றரசுகள் சேர்ந்தது) மாமன்றம் 1663 முதல் 1806 வரை கலையாமல் இங்கே நடந்தது. பேரரசர் வருவதில்லை, பிரதிநிதியை அனுப்பிவிட்டார், சிற்றரசர்களும் அப்படியே. தூதர்கள் குடும்பத்தோடு வந்து தலைமுறையாகத் தங்கிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மண்டபத்தில் பேரரசரின் நாற்காலி எத்தனை படி உயரம், மற்றவர்கள் எத்தனை படி கீழே என்பதுதான் அந்தஸ்து. காரியத்தைத் தள்ளிப்போடுவதை ஜெர்மானியர்கள் 'நீளப் பலகையில் தள்ளுவது' என்பார்கள். அந்த மரபுத்தொடர் இங்கே இருந்த நீண்ட பலகையிலிருந்து வந்தது என்று வழிகாட்டி சொல்வார். நான் அதைச் சந்தேகப் பட்டியலில் வைப்பேன். ஒரு மரபுத்தொடருக்குப் பிறந்த ஊர் கேட்டு மூன்று ஊர்க்காரர்கள் சண்டை போடுவது சாதாரணம். அதே கட்டடத்தின் கீழே சித்திரவதை அறை இருக்கிறது, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அம்மாவுக்கு மனசு இளகியது என்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு உறுதியான செய்தி. கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம் என்று கண்ட யோஹானஸ் கெப்ளர் இறந்தது இந்த ஊரில்தான், 1630 நவம்பர் 15. பேரரசர் தரப்பிலிருந்து தனக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்கக் குளிரில் குதிரையேறி வந்தார், காய்ச்சலில் படுத்தார், எழவில்லை. ஊர் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். சில வருஷத்தில் முப்பதாண்டுப் போர் அந்த இடுகாட்டையே அழித்தது, கல்லறை இல்லாமல் போயிற்று. அவர் இறந்த வீடு அவர் பெயரில் உள்ள தெருவில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடக்கும்போது பூங்காவில் தூண்களோடு ஒரு சின்ன வட்ட மண்டபம் வரும். 1808இல் அவருக்காகக் கட்டியது. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துபோவார்கள்.

நோய்ஃபார் சதுக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போங்கள். அங்கேதான் யூதர்களின் குடியிருப்பு இருந்தது. அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த பேரரசர் மாக்ஸிமிலியன் 1519 ஜனவரியில் இறந்ததும், அடுத்த மாதமே ஊர்மன்றம் அவர்களை வெளியேற்றி, வீடுகளையும் தொழுகைக்கூடத்தையும் இடித்தது. ஓவியர் அல்பிரெக்ட் ஆல்ட்டார்ஃபர் அந்த மன்றத்தில் உறுப்பினர். இடிப்பதற்கு முன் தொழுகைக்கூடத்தின் உட்புறத்தை அவரே உலோகத் தகட்டில் வரைந்து வைத்தார். அதனால்தான் அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். இடித்தவர்களில் ஒருவரே வரைந்தும் வைத்தார் என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. யூதர்களின் கல்லறைக் கற்களை ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவரில் பதித்துக்கொண்டார்கள். சிலவற்றை இன்னும் பார்க்கலாம். 1995 முதல் நடந்த அகழாய்வில் அஸ்திவாரங்களும் 624 பொற்காசுகளும் கிடைத்தன. தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் இஸ்ரேலியச் சிற்பி டானி கராவன் அதன் தரைப்படத்தையே வெள்ளைக் காங்கிரீட்டில் தாழ்வான மேடையாக அமைத்திருக்கிறார், 2005இல். அதில் பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள், மாணவர்கள் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவார்கள். உட்காரலாம், அதற்காகத்தான் அப்படிச் செய்தது.

தேவாலயத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது என் துறையும் இல்லை. 105 மீட்டர் உயரமுள்ள அந்த இரட்டைக் கூம்புகள் 1869இல்தான் முடிந்தன. ஆரம்பித்து ஏறத்தாழ 600 வருஷம் கழித்து. உள்ளே இருட்டாக இருக்கும், கண் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள். பிறகு வண்ணக் கண்ணாடிகள் பற்றி எரியும். நடுவே தூணில் ஒரு தேவதூதன் சிலை, 1280 வாக்கில் செய்தது, பல் தெரியச் சிரிக்கிறது. மரியாளிடம் செய்தி சொல்ல வந்தவன், சந்தோஷத்தை அடக்க முடியாத முகம். தேவாலயத்தில் அப்படிச் சிரிக்கும் சிலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால், பள்ளி விடுமுறை இல்லாத வாரமென்றால், காலை 10 மணி வழிபாட்டில் சிறுவர் பாடகர் குழு பாடும். 975இல் தொடங்கியதாகத் தன் வரலாற்றைச் சொல்லும் குழு அது.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். மியூனிக்கிலிருந்து பிராந்திய ரயிலில் ஒன்றரை மணி நேரம். பவேரியா டிக்கெட் என்று ஒன்று உண்டு, ஐந்து பேர் வரை ஒரே சீட்டு, வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகு, சனி ஞாயிறில் நாள் முழுக்கச் செல்லும். அதிவேக ரயிலில் செல்லாது. நிலையத்திலிருந்து பழைய ஊருக்குள் 10, 15 நிமிஷ நடை. தெருவெல்லாம் கருங்கல் பதித்தது, அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டென்றால் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ அவசியம். சைவத்துக்குப் பயப்பட வேண்டாம். பாலாடைக்கட்டி போட்டுக் கிளறிய ஸ்பேட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும், மேலே வறுத்த வெங்காயம் போடுவார்கள். பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் டோனாவ்ஸ்டாஃப் வரை போய் வால்ஹல்லா மண்டபம் பார்க்கலாம், மேல்பக்கம் போனால் வெல்டன்பூர்க் மடமும் மலையிடுக்கும் இருக்கின்றன. இரண்டும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரே நாளில் அதையும் சேர்த்தால் ஊரை ஓடிக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும், நான் சேர்க்க மாட்டேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போய்விடுங்கள். அந்தக் கரைக்கு ஸ்டாட்டம்ஹோஃப் என்று பெயர். நூற்றாண்டுகளாக அது வேறு ஆட்சி. இந்தப் பக்கம் சுதந்திர நகரம், அந்தப் பக்கம் பவேரியா. 1924இல்தான் இரண்டும் ஒன்றாயின. பாலம் தாண்டியதும் இடப்பக்கம் பழைய மருத்துவமனை அறக்கட்டளையின் பீர் தோட்டம் ஒன்று ஆற்றை ஒட்டி இருக்கிறது. பீர் வேண்டாம் என்றால் ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து தருவார்கள். எதிரே பாலம், அதன் பின்னால் கூரைகள், அதற்கு மேலே இரட்டைக் கூம்பு. மே கடைசியில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். கல் முதலில் மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாகி, பிறகு சாம்பலாகும். சுழலின் சத்தம் பகலில் கேட்காது, கூட்டம் குறைந்ததும் கேட்கத் தொடங்கும். திரும்பும் ரயிலின் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஆற்றுக் காற்று மே மாதத்திலும் சில்லென்றுதான் இருக்கும்.